ஒலி அவருடையது, பெயர் எவருடையது?

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இசையைப் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறீர்கள். சட்டப் புத்தகத்தோடு காலந்தள்ளும் இவருக்கும் இசைக்கும் என்ன உறவு என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சற்று முன்னர் வினவினார். வினா நியாயமானதே. நாம் சுருதி அறியோம், தாளம் அறியோம். ஆனால் வழக்கு அறிவோம். இன்று உங்கள் முன் நாம் வைப்பதும் ஒரு வழக்குத்தான். வழக்காளிகள் பெண்கள். வழக்குப் பொருள் அவர்கள் படைத்த ஒலி. தீர்க்கவேண்டிய பிரச்சினை ஒன்றே ஒன்று: உழைப்பு ஒருவருடையதாகவும் பெயர் வேறொருவருடையதாகவும் இருத்தல் நீதியாகுமா?

காணி வழக்கென்றால் நாம் முதலிற் கேட்பது, உறுதி எங்கே என்பதுதான். வேலியடைத்து, கிணறு வெட்டி, துலா மிதித்து, கல்லுந் தரையைக் கனி தரும் நிலமாக்கியவன் ஒருவனாக இருப்பான். உறுதியிலே இருப்பதோ இன்னொருவன் பெயராக இருக்கும். அப்போதும் அந்த உழைப்பாளிக்கு ஒரு வழி உண்டு. பத்தாண்டு காலம் தடையின்றித் தன்னுரிமையாக ஆண்டு அனுபவித்திருந்தால் ஆட்சியுறுதி கேட்டு நீதிமன்றம் ஏறலாம். காற்றிலே பிறந்து காற்றிலே கரையும் ஒலிக்கு ஆட்சியுறுதி ஏது? அங்கே பெயர் ஒன்றுதான் உறுதி. பெயர் போனால் எல்லாம் போயிற்று.

இலத்திரனியல் இசை என்பது யாது? வீணையின் நரம்பும் குழலின் துளையும் இன்றி, மின்கருவி எழுப்பும் ஓசையையும் ஒலிநாடாவிற் பதிந்த ஓசையையும் வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் ஆக்கப்படும் இசை அது. இன்று கணினி செய்யும் வேலையை அன்று கையும் காதும் சவர அலகும் செய்தன. அந்தக் கைகளிற் பல பெண்களின் கைகள் என்பதை உலகம் நெடுங்காலம் அறியாதிருந்தது. அறியாதிருந்தது என்பதிலும், அறியவிடாது தடுக்கப்பட்டது என்பதே பொருந்தும்.

ஆங்கில நாட்டிலே 1925ஆம் ஆண்டு பிறந்த டாப்னி ஓரம் என்னும் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். ஓரம் என்பது அவர் குடும்பப் பெயர். ஆனால் ஓரத்திலே நிறுத்தப்பட்டதும் அவரேதான்! இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இசைக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விடுத்து, பி.பி.சி. வானொலியில் ஒலிப் பணியாளராகச் சேர்ந்தார். குண்டு வீச்சினால் இசை அரங்கிலிருந்து வரும் ஒலிபரப்பு தடைப்படுமாயின், அதே இசையை இசைத்தட்டிலிருந்து தொடரும்படி ஆயத்தமாக இருப்பது அவர் கடமைகளில் ஒன்று. பின்னாளில், ஊழியர் யாவரும் வீடு திரும்பிய பின்னர், ஒலிநாடாக் கருவிகளை ஒரே அறைக்கு உருட்டிச் சேர்த்து இரவெல்லாம் ஆராய்ந்து, விடியுமுன் மீண்டும் பழைய இடங்களில் வைத்துவிடுவார்.

1949 அளவில் அவர் ஒரு பேரிசையை எழுதி முடித்தார். ‘ஸ்டில் பொயின்ற்’ என்பது அதன் பெயர். இரண்டு வாத்தியக் குழுக்களும், சுழலும் இசைத்தட்டுக்களும், ஒலிவாங்கிகளும் கூடி இயங்கவேண்டிய படைப்பு. நிலையத்தார் அதை ஏற்கவில்லை. அம்மையார் 2003ஆம் ஆண்டு காலமானார். அவர் எழுதிய இசை இலண்டனில் முதன்முறையாக அரங்கேறியது 2016ஆம் ஆண்டிலே! நட்டவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின்னரே அந்தப் பனை காய்த்தது.

அவருடைய இடையறாத வற்புறுத்தலின் பயனாகவே 1958இல் பி.பி.சி. ‘ரேடியோபோனிக் பட்டறை’யைத் தொடங்கிற்று. டெஸ்மண்ட் பிறிஸ்கோ என்பவரும் அவரும் அதனைத் தொடக்கினர். ஆயினும் நாடகத்துக்கு இடியோசையும் பேயோசையும் செய்து கொடுக்கும் இடமாகவே மேலதிகாரிகள் அதனைக் கருதினர். இசை படைக்கும் இடமாகக் கருதவில்லை. ஓராண்டு நிறையுமுன்னரே அம்மையார் பதவியைத் துறந்து வெளியேறினார்.

நிலையான சம்பளம், ஓய்வூதியம், பெரிய நிறுவனத்தின் நிழல் ஆகிய யாவற்றையும் துறந்து அவர் சென்ற இடம் எது? கென்ற் மாவட்டத்திலே, மதுவுக்கு வாசனை சேர்க்கும் ஹொப் என்னும் பூவை உலர்த்துவதற்காகக் கட்டப்பட்ட பழங் கட்டடம். நம் நாட்டுப் புகையிலைக் குடிலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தமக்கெனச் சொந்த இசைக்கூடம் அமைத்தார். அங்கேதான் ‘ஓரமிக்ஸ்’ என்னும் பொறியை ஆக்கினார். முப்பத்தைந்து மில்லிமீற்றர் சினிமாப் படச்சுருளிற் பத்துப் பட்டிகள் ஓடும். அவற்றின்மேல் மையினால் கோடு வரைவார். ஒளி அக்கோடுகளூடே சென்று ஒளிமின்கலங்களைத் தாக்க, வரைந்த வடிவம் ஒலியாக மாறும். வரைந்ததைக் கேட்கலாம்! வயிற்றுப் பாட்டுக்கு விளம்பரங்களுக்கும் படங்களுக்கும் ஒலி செய்து கொடுத்தார். குல்பென்கியான் நிதியம் 1962இலும் 1965இலும் உதவிற்று. தனித்து நின்றார், தலை நிமிர்ந்து நின்றார், ஆனால் தம் பொறிக்கு உரிய மதிப்பைக் காணாமலே மறைந்தார். அந்தப் பொறி 2011இல் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

அவர் விட்டுச் சென்ற பட்டறைக்கு 1962இல் வந்து சேர்ந்தவர் டெலியா டாபிஷயர். கேம்பிறிட்ஜில் கணிதமும் இசையும் கற்றவர். இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. பட்டப்படிப்பு அவரைத் தகுதியாக்கிற்று. பெண் பிறப்பு அவரைத் தகுதியற்றவராக்கிற்று!

1963ஆம் ஆண்டு ‘டொக்ரர் ஹூ’ என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசை வேண்டியிருந்தது. ரொன் கிரெயினர் என்னும் இசையமைப்பாளர் மெட்டைச் சிறு குறிப்பாக எழுதிக் கொடுத்தார். வாத்தியக் குழு இல்லை. டெலியா அம்மையார், டிக் மில்ஸ் என்னும் உதவியாளரோடு, ஒற்றைத் தந்தியை மீட்டிய ஓசையையும் சோதனைக் கருவிகள் எழுப்பும் ஓசையையும் ஒலிநாடாவிற் பதிந்து, சுரம் சுரமாக அளந்து, துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, அந்த முழு இசையையும் உருவாக்கினார். கேட்ட கிரெயினரே வியந்தார். அம்மையாரின் பெயரையும் ஆக்கியோராகச் சேர்க்கவேண்டும் என்று அவர் முயன்றதை நாம் இங்கு நன்றியோடு குறிப்பிடவேண்டும். நிறுவனம் இசையவில்லை. பட்டறை ஊழியர் தனிப்பெயர் இன்றி இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. ஆகவே திரையில் கிரெயினர் பெயரும் பட்டறையின் பெயரும் தோன்றின. படைத்தவள் பெயர் தோன்றவில்லை.

டெலியா அம்மையார் 1973இல் அவ்வேலையை விட்டார். சிறிது காலம் எரிவாயுக் குழாய் பதிக்கும் இடத்தில் வானொலித் தொடர்பாளராகவும் பணியாற்றினார். 2001இல் காலமானார். அவர் வீட்டுப் பரணிலே 267 ஒலிநாடாக்கள் கிடைத்தன. தொடரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 2013இலேதான் அவர் பெயர் திரையில் ஏறிற்று. ஐம்பது ஆண்டுகள், தோழர்களே! ஒரு வழக்கு ஐம்பது ஆண்டுகள் இழுபட்டு, வழக்காளி இறந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின் தீர்ப்புக் கூறப்படுமாயின், அதனை நீதி என்று எந்த நா கூசாமற் சொல்லும்?

இது வெள்ளைக்காரர் வீட்டுக் கதை, நமக்கென்ன என்று எண்ணற்க. நம் அயலிலே, அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969இல் இலத்திரனியல் இசைக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கே இசை படைத்தவர்களுள் கீதா சாராபாய் அம்மையாரும் ஒருவர். ஆண்களுக்கே உரியதென எண்ணப்பட்ட பக்கவாஜ் என்னும் முழவைப் பயின்றவர். 1946இல் அமெரிக்க இசைஞர் ஜோன் கேஜுக்கு இந்திய இசையை அறிமுகம் செய்தவர். அக்கூடத்தின் ஒலிநாடாக்கள் பேழையிற் கிடந்து, 2023இலேதான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

இனிச் சட்டத்துக்கு வருவோம். படைப்பாளனுக்குச் சட்டம் இருவகை உரிமை வகுத்திருக்கிறது. ஒன்று பொருளுரிமை, விற்கலாம், கொடுக்கலாம். மற்றது தார்மிக உரிமை. தன் பெயரைத் தன் படைப்பின்மேற் காணும் உரிமை. இங்கிலாந்தின் சட்டத்தில் இந்த இரண்டாம் உரிமை செம்மையாக இடம்பெற்றது 1988ஆம் ஆண்டிலேதான். அதுவும், உரிமையாளர் அதனை வலியுறுத்தி அறிவித்தல் வேண்டும் என்ற நிபந்தனையோடு. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் தம் வேலையிற் படைத்ததன் பொருளுரிமை, ஒப்பந்தம் வேறு விதமாகக் கூறாவிடின், முதலாளியைச் சேரும். ஆனால் பொருளுரிமை போன பின்னரும், தம் பெயர் குறிக்கப்படவேண்டும் என்று கேட்கும் உரிமை படைத்தவரை விட்டு நீங்காது. சட்டம் இருக்கிறது. எழுத்திலே இருக்கும் சட்டம் ஏட்டுச் சுரைக்காய். கேட்கும் வாய் இருந்தாலன்றோ அது கறிக்கு உதவும்!

பிறரைக் குறை கூறிவிட்டு மேடையை விட்டு இறங்குவது எளிது. நம் வீட்டையும் பார்ப்போம். பல ஆண்டுகளாகக் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்கு செய்துவந்த நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஊர்வலத்தில் ஆயிரம் பேர் பாடிய பாட்டுக்கு மெட்டுக் கட்டியவர் ஒரு பெண். அறிக்கை எழுதியபோது, பேசியவர் பெயர்களை எல்லாம் பட்டம் பதவியோடு எழுதினோம். பாட்டைப் பற்றி, ‘மாதர் பாடினர்’ என்று இரண்டு சொல்லிலே முடித்தோம். அந்த அறிக்கையை எழுதிய கை எம்முடைய கை. ஆங்கில நாட்டு நிறுவனம் ஐம்பது ஆண்டு செய்த பிழையை நாம் ஒரே வரியிற் செய்து முடித்தோம். அந்தத் தாய் இன்றில்லை. திருத்திக்கொள்ள இயலாத பிழை அது.

இன்று மாலை இவ்விழாவில் நம் ஊர்ப் பெண்கள் இருவர் தாம் ஆக்கிய இசையை ஒலிக்கச் செய்தனர். நீர் இறைக்கும் இயந்திரத்தின் துடிப்பும், காவோலை உரசும் ஓசையும், அம்மி அரைபடும் ஓசையும் கணினியிலே கலந்து வந்தன. சிலர் நகைத்தீர்கள், இதுவுமோர் இசையா என்றீர்கள். நகைப்பது உங்கள் உரிமை. அதில் நாம் தலையிடோம். ஆனால் அதனை இசைத்தட்டாக வெளியிடும்போது ‘வாசிகசாலை இசைக்குழு’ என்று மட்டும் பொறித்தாற் போதும் என்று செயற்குழுவில் ஒரு பேச்சு எழுந்ததாக அறிந்தோம். அது வேண்டாம். பிடிக்காத இசையை இகழுங்கள். ஆனால் படைத்தவர் பெயரை மறையாதீர்கள். இருவர் பெயரையும் முகப்பிலே பொறியுங்கள். வருவாய் வருமாயின் எவ்வளவு எவருக்கு என்பதை இன்றே எழுதிக் கைச்சாத்திடுங்கள். அந்த ஒப்பந்தத்தை ஒரு சதமும் பெறாது எழுதித் தருவதற்கு நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

இளம் பெண்களே, உங்களுக்கும் ஒரு சொல். தனித்து நிற்பது பெருமைதான். ஆனால் தனித்து நிற்பவருக்கே எழுத்து அதிகம் வேண்டும். நீங்கள் ஆக்கிய ஒவ்வொன்றின்மேலும் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். கேட்பது நாணத்துக்குரியதன்று. கொடுக்காமல் விடுவதே நாணத்துக்குரியது.