புல்லின் உறுப்புகள்



நெல் ஒரு புல். கரும்பும் புல், மூங்கிலும் புல். இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் வியப்போடு பார்க்கிறார்கள். வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல், உள்ளே வயிரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பிய மரபியல் என்றோ பிரித்து வைத்துவிட்டது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும்கூடப் புல்தான். பாளை, மடல், ஓலை, ஈர்க்கு என்று அவற்றின் உறுப்புகளையும் அது பெயர் சொல்லிக் காட்டுகிறது. இன்றைய தாவரவியலும் புல்லையும் பனையையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது.

ஏட்டை மூடிவிட்டு வயலுக்கு வாருங்கள். இளம்பயிராக இருக்கும்போது நெல்லுக்கும் குதிரைவாலிப் புல்லுக்கும் வித்தியாசமே தெரியாது. களை எடுக்கும் தாய்மார்கள் மட்டும் தடுமாறுவதில்லை. தாளைச் சுற்றிய உறை முடிந்து இலை விரிகிறதே, அந்த மூட்டை விலக்கிப் பாருங்கள். நெல் என்றால் அங்கே வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்குப்போல நீண்டிருக்கும். இரு பக்கமும் மயிர் முளைத்த சின்னக் காதுகள் தாளைப் பற்றியிருக்கும். குதிரைவாலிக்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை. கோரையா என்று சந்தேகமா? தண்டை விரல்களுக்கிடையே உருட்டுங்கள். மூன்று பட்டையும் கையில் தட்டும்.

நட்ட பயிர் தூர் கட்டும். கதிர் இன்னும் உறைக்குள் இருந்தால் அது தொண்டைக்கதிர். கதிருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கடைசி இலை கண்ணாடி இலை. மணிக்குள் சேரும் மாவில் பெரும்பங்கு அந்த இலையும் அதற்கடுத்த இலைகளும் சமைத்துக் கொடுப்பது. அதற்குத் தனிப்பெயர் வைத்த உழவனுக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது! பால் பிடித்தால் மணி, பிடிக்காவிட்டால் பதர். இவை வெறும் பேச்சு வழக்கு அல்ல ஐயா, கலைச்சொற்கள்!

அந்த நாக்கையும் காதையும் நம் பிள்ளைகள் லிக்யூல், ஆரிக்கிள் என்று மனப்பாடம் செய்கிறார்கள். செய்யட்டும், உலகத்தோடு பேச அந்தப் பெயர்களும் வேண்டும். ஆனால், தேர்வு எழுதிவிட்டு வயலில் இறங்கும் பிள்ளைக்கு நெல் எது, களை எது என்று தெரியவில்லையே!

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த நடவுக்கு மாணவர்களை வரப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். களை எடுக்கும் அம்மாக்களையே அன்றைக்குப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பெயரையும், ஊர்ப்பெயரோடு, நோட்டில் எழுதி வையுங்கள்.