மாறுகண்ணும் மூக்குக் கண்ணாடியும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் முதலியவற்றைப் பற்றிப் பேசுவதே என் வழக்கம். இன்று நம் குழந்தைகளின் கண்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பிறரைக் குறைகூற நான் வரவில்லை. என் மகளுக்கு மூன்றாம் வயதில் இடக் கண் மூக்குப் பக்கமாகத் திரும்பத் தொடங்கிற்று. பொம்மையை உற்று நோக்கும்போதும் படப் புத்தகத்தைப் பார்க்கும்போதும் அது நன்கு தெரிந்தது. "அதிர்ஷ்டக் கண்ணப்பா, விட்டுவிடு" என்றார் என் தாயார். பட்டம் பெற்ற நானும் அதைக் கேட்டு வாளாவிருந்தேன். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பள்ளியில் சேர்க்கும் சமயத்தில் கண் மருத்துவர் அவளுடைய வலக் கண்ணை மூடிவிட்டுச் சுவரிலிருந்த படங்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் பெரிய படம் ஒன்றுதான் அவளுக்குப் புலப்பட்டது. "மற்றதெல்லாம் தெரியவில்லை அப்பா" என்றாள். ஊருக்கெல்லாம் நலத்திட்டம் சொல்லும் நான் அன்று தலைகுனிந்து நின்றேன்.

இக்குறை எவ்வாறு உண்டாகிறது? தூரப்பார்வையுடைய குழந்தையின் கண்ணில் ஒளி விழித்திரையின்மேல் குவியாமல் அதற்குப் பின்னால் குவியும் நிலையில் இருக்கிறது. குழந்தையின் கண்ணிலுள்ள வில்லை மிக இளகியது. அதைப் பருக்கச் செய்து, குழந்தை அக்குறையைத் தானே ஈடுசெய்துகொள்கிறது. ஆதலால் அதற்குப் பார்வைக் குறை இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் இயற்கை ஒரு பிணைப்பை வைத்திருக்கிறது. வில்லை பருக்கும்போதெல்லாம் இரு கண்களும் மூக்கை நோக்கித் திரும்பும். கிட்டத்திலுள்ள பொருளைப் பார்க்க இது தேவை. தூரப்பார்வைக் குழந்தையோ அளவுக்கு மிஞ்சி வில்லையை முயலச் செய்கிறது. அதனால் கண்ணும் அளவுக்கு மிஞ்சித் திரும்பிவிடுகிறது. ஹாலந்து நாட்டு மருத்துவர் டாண்டர்ஸ் என்பார் இத்தொடர்பை 1864ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விளக்கினார்.

காரணம் இதுவானால் பரிகாரமும் எளிதே. வில்லை செய்யும் மிகை வேலையைக் குவிவில்லைக் கண்ணாடி ஏற்றுக்கொண்டால், கண் திரும்ப வேண்டிய அவசியம் நீங்குகிறது. இவ்வகை மாறுகண்ணுக்குக் கத்தி தேவையில்லை, கண்ணாடியே மருந்து.

இரு கண்களும் ஒரே நுகத்தில் பூட்டிய காளைகளைப் போன்றவை. ஒன்று விலகி நடந்தால் இரட்டைப் பார்வை உண்டாகும். அதைத் தவிர்க்க, மூளை அந்தக் கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடுகிறது. வேலையின்றி நிற்கும் காளை வலுவிழப்பதுபோல அக்கண் மந்தமாகிவிடும். பார்வை வளரும் பருவம் ஏறத்தாழ ஏழெட்டு வயதுவரைதான். பருவம் தவறிய நாற்றுக்கு எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் முழு விளைச்சல் கிடைக்காது என்பதை உழவர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

இக்குறை பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதில் தலைகாட்டும். எழுத்தறியாத குழந்தையை எப்படிச் சோதிப்பது என்று பலர் கேட்கின்றனர். கண்ணில் மருந்திட்டு வில்லையை ஓய்வுறச் செய்து, ஒளியைச் செலுத்தியே மருத்துவர் அளவைக் கண்டுவிடுவார்; குழந்தை ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. மருந்தினால் சில நாள் வெயிலில் கண் கூசும். அதற்கு அஞ்ச வேண்டாம்.

கண்ணாடியைக் காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கும் வரை அணிவிக்க வேண்டும். முதல் சில வாரங்கள் குழந்தை அதைக் கழற்றி எறியும், பொறுமை வேண்டும். கண்ணாடியோடு நேராக நிற்கும் கண், கழற்றியவுடன் மறுபடியும் திரும்பும். இதைக் கண்டு, "கண்ணாடி போட்டதால்தான் கண் கெட்டது" என்று சில பெற்றோர் அதை நிறுத்திவிடுகின்றனர். அது பெருந்தவறு. உண்மையில் கண்ணாடி தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. கண் மந்தமாகியிருந்தால், நல்ல கண்ணை மருத்துவர் சொல்லும் நேரம் மூடிவைத்து மந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். கிட்டப் பார்க்கும்போது மட்டும் கண் திரும்பினால் இரட்டை வில்லைக் கண்ணாடி தரப்படும். கண்ணாடியால் ஓரளவே நேராகும் கண்ணுக்கும், வேறு வகை மாறுகண்ணுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நான்கு மாதம் கடந்த குழந்தையின் கண் திரும்பினால் காலந்தாழ்த்தாது காட்டுங்கள். கருவிழியின் நடுவே வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் பொறுக்கலாகாது. அது உயிருக்கே ஆபத்தான கட்டியாகவும் இருக்கக்கூடும்.

ஊராட்சி மன்றத்தார் செய்யக்கூடியவை யாவை? தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் நடமாடும் மருத்துவக் குழுக்கள் இயங்குகின்றன. இவை அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளி மாணவர்களை ஒருமுறையும் பார்வையிட வேண்டும். குழு வரும் நாளைத் தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ முன்னதாக அறிவியுங்கள். கண் திரும்பும் குழந்தைகளின் பெயரை அங்கன்வாடிப் பணியாளரிடம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அக்குழந்தைகள் அரசு மருத்துவமனைக்குச் சென்றார்களா, கண்ணாடி பெற்றார்களா, அதை அணிகிறார்களா என்று கிராம சபையில் கேளுங்கள். கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி கிடைக்க உதவுங்கள். பெண் குழந்தைக்குக் கண்ணாடி போட்டால் வரன் அமையாது என்பவருக்கு, ஒரு கண்ணின் பார்வையை இழப்பதே பெரிய குறை என்று எடுத்துரையுங்கள். பிள்ளைகளை "ஒன்றரைக் கண்" என்று யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகளின் கண்கள் இன்று கண்ணாடியோடு நேராக இருக்கின்றன. மந்தக் கண்ணின் பார்வை பெருமளவு மீண்டது. ஆனால் முழுமையாக மீளவில்லை. நான் வீணாக்கிய இரண்டு ஆண்டுகளுக்கு அவள் செலுத்தும் வரி அது. உங்கள் ஊரில் எந்தக் குழந்தையும் அவ்வரியைச் செலுத்தாதிருக்கட்டும் என்று வேண்டி அமர்கிறேன்.