தாயற்ற குட்டியின் முதல் இரவு
(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஏலக்காய் அறுவடைக் காலம் ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை நீளும். அக்காலத்தில் போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறுகின்றன. தோட்டங்களிலுள்ள உலர்த்தும் அறைகள் இரவு பகலாகச் சூடாக இருக்கும். எலிகளும் அங்கு உண்டு. ஆதலால் சினைப்பூனை தேடும் இரண்டும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. சாக்கு மூட்டைகளின் பின்புறம் அது குட்டி ஈன்றுவிடும். மூட்டைகள் ஏல மையத்திற்குச் செல்லும் நாளில், கண் திறவாத மூன்று நான்கு உயிர்கள் வெறுந்தரையில் வெளிப்படும். ஊருக்குள் கிடங்குகளிலும் இதே காட்சிதான்.

அவ்வேளையில் இரக்கமுள்ள ஒருவர் அவற்றைச் சாக்கில் பொதிந்து மாலை ஜீப்பில் ஊருக்குக் கொண்டுவந்து விடுவதுண்டு. தாய்ப்பூனையோ மலைமேல் நின்று கத்திக்கொண்டிருக்கும். கைவிடப்படாத குட்டிகளை அனாதையாக்கிய செயல் அது. செய்தவர் உள்ளத்தில் அருள் நிறைந்திருந்தது என்பதால் குட்டியின் பசி குறைவதில்லை.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, தாய் கைவிட்டதா, இரை தேடச் சென்றுள்ளதா என்பதே. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, வயிறு உருண்டு, அமைதியாக உறங்கினால் தாய் அண்மையில் வந்துபோயிருக்கிறது என்று கொள்ளலாம். அவற்றின் உடல் சூடு குறையாதிருக்கும் வரை, மனித நடமாட்டத்தை விலக்கித் தொலைவில் இருந்து சில மணி நேரம் காத்திருப்பதே தக்கது. இடைவிடாமல் கத்துகின்றன, தொட்டால் குளிர்ந்திருக்கின்றன, வயிறு ஒட்டியிருக்கிறது என்றால் காத்திருக்கலாகாது. மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. வீட்டுப்பூனையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. அடிக்கடி எட்டிப்பார்க்கும் கூட்டமே அதனை அச்சுறுத்திக் குட்டிகளை இடம் மாற்றச் செய்கிறது. தாய் உண்மையாகவே ஒதுக்குவது வேறு காரணங்களால்: முதற்பேறு, தாயின் நோய், பால் வற்றுதல், அல்லது குட்டி நோயுற்றுக் குளிர்ந்துபோதல். ஒதுக்கப்பட்ட குட்டியைச் சூடாக்கிப் பக்கத்தில் வைத்தால் சில தாய்கள் மீண்டும் ஏற்றுக்கொள்வதும் உண்டு. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் வேறொரு பூனை அண்டையில் இருந்தால், அதனினும் நல்ல செவிலித்தாயை எவரும் தேடித்தர இயலாது.

அத்தகைய பேறு வாய்க்காதபோது பொறுப்பு இல்லறத்தாரிடம் வருகிறது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். குட்டியைக் கண்டதும் பால் தேடி ஓடுகின்றனர். முதலில் வேண்டுவது பால் அன்று, வெப்பம். பிறந்த பூனைக்குட்டிக்கு உடல் நடுக்கத்தால் சூடு உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. முதல் வாரத்தில் அது கிடக்கும் இடம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமாக இருத்தல் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேலுள்ள போடிமெட்டில், பனிமூட்டம் இறங்கும் இரவில் இது எத்துணை அரிது என்று சொல்லத் தேவையில்லை. குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது. அந்நிலையில் புகட்டிய பால் செரியாமல் தங்கிவிடும், அல்லது மூச்சுக்குழலுள் இறங்கும். பசியாற்றுவதாக எண்ணி ஊட்டிய அந்தப் பாலே உயிரைப் பறித்துவிடும்.

வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியால் நன்கு சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால் போதும். சூடு மிகும்போது குட்டி ஊர்ந்து விலக மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். உலர்த்தும் அறைக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று சிலர் கருதுவர். காயை உலர்த்தும் சூடு குட்டியையும் உலர்த்திவிடும். கரி அடுப்பும் ஆகாது, புகை நுரையீரலைக் கெடுக்கும். ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் மெல்ல மெல்லச் சூடேற்றி, குட்டி அசைந்து வாய் தேடும்போதுதான் உணவு.

எந்த உணவு? பசும்பாலை எவ்வுயிர்க்கும் ஏற்றதென்று எண்ணிப் பழகிய வீடுகளுக்குக் கசப்பான செய்தி இது. பூனையின் பாலில் புரதம் பசும்பாலில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. பசும்பாலிலோ குட்டியின் குடல் தாங்காத அளவு பால்சர்க்கரை மிகுதி. அதனால் வயிற்றுப்போக்கு, அதனால் நீரிழப்பு, இரண்டொரு நாளில் முடிவு. பூனைக்குட்டிக்கென்றே தயாரிக்கப்படும் பால்மா கால்நடை மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அது கைக்கு வரும் வரை, கொதித்து ஆறிய நீரில் சிறிது குளுக்கோஸ் கலந்து இளஞ்சூட்டில் துளித்துளியாகக் கொடுத்துச் சில மணி நேரத்தைக் கடத்தலாம், அதற்குமேல் அன்று. 100 கிராம் எடையுள்ள குட்டியின் வயிறு ஒரு வேளைக்கு 4 மில்லி அளவே கொள்ளும். மனிதக் குழந்தையைப்போல மல்லாத்திப் புகட்டலாகாது. தாயின் மடியில் கிடப்பதுபோல் வயிறு கீழாக, தலை சற்றே உயர்ந்து இருத்தல் வேண்டும்.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை ஊட்டல் வேண்டும், இரவிலும் அப்படியே. கதிரவன் மறைந்தபின் உண்ணாத நோன்புடைய இல்லங்களில் இது தயக்கத்தை எழுப்புவதுண்டு. நோன்பு அதனை ஏற்றுக்கொண்டவருக்கு உரியது, குட்டி எந்த நோன்பும் ஏற்கவில்லை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்களாக ஐந்தினைக் கூறுகிறது: உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், வருத்துதல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவைத் தடுத்தல். பொறுப்பில் ஏற்றுக்கொண்ட உயிரை நள்ளிரவில் பசியோடு விடுதல் இவற்றுள் இறுதியானதை ஒட்டியே நிற்கிறது.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிக்கொடுப்பதே அதனைத் தூண்டுகிறது. ஒவ்வொரு ஊட்டலின்போதும் வெந்நீரில் நனைத்த பஞ்சினால் அடிவயிற்றின் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும். மூன்று வாரம் வரை இது தவறலாகாது.

குட்டி தேறுகிறதா என்பதைக் கண்ணால் அளவிட முடியாது. போடியில் அதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஏலக்காய் நிறுக்கும் நுண்தராசு கடைதோறும் இருக்கிறது. பிறக்கும்போது 100 கிராம் அளவில் உள்ள குட்டி நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் வரை ஏற வேண்டும், இரண்டு வாரத்தில் ஏறத்தாழ இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் எடை ஏறவில்லையெனில் மருத்துவரிடம் செல்வதற்கு வேறு அறிகுறி எதிர்பார்க்க வேண்டுவதில்லை. தேனி அருகே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரியும் இயங்கி வருகிறது.

இனி, இவ்வவையில் சொல்லத் தயங்கும் பகுதி. நான்காம் வாரத்தில் குட்டி பாலை விட்டு உணவுக்கு மாறும். பூனை ஊன் உண்ணும் உயிர். டாரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் விழித்திரை கெடும் என்பது 1975-இலும், இதயத்தசை தளரும் என்பது 1987-இலும் ஆய்வுகளால் நிறுவப்பெற்றன. தயிர்சோறு மட்டும் உண்டு வளரும் பூனை உயிரோடிருக்கக்கூடும், ஆனால் நலமாக இராது. கொல்லாமையை ஏற்ற இல்லம் ஊன் தேடி வாங்கவும் இயலாது.

முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹேமசந்திரர் தம் யோகசாத்திரத்தில், கிளி, பூனை, நாய் முதலியவற்றைப் பொருளீட்டுவதற்காக வளர்த்தலைச் சிராவகர் விலக்க வேண்டிய தொழில்களுள் வைத்தார். அவர் விலக்கியது வாணிகத்தை. சாகும் நிலையில் கிடக்கும் குட்டியை எடுப்பது அதனுள் அடங்காது. தில்லிச் செங்கோட்டையின் எதிரே திகம்பர சைனக் கோயிலிலுள்ள பறவை மருத்துவமனை வேறொரு வழியைக் காட்டுகிறது. ஊன் உண்ணாத பறவைகள் அங்கே தங்கிச் சிகிச்சை பெறுகின்றன. பருந்து முதலியவற்றிற்கு மருத்துவம் மறுக்கப்படுவதில்லை, எனினும் அவை புறநோயாளிகளாகவே பார்க்கப்படுகின்றன.

அந்த முறையே இங்கும் பொருந்தும். பால் பருவமாகிய நான்கு வாரம் இல்லத்தின் பொறுப்பு. அதற்குள்ளாகவே, பூனைக்குரிய உணவைத் தயக்கமின்றித் தரக்கூடிய ஓர் அண்டைவீட்டாரை, தோட்டக்காரரை, கிடங்கு உரிமையாளரைத் தேடி உறுதி பெற்றுவிட வேண்டும். நான்காம் வாரம் வந்தபின் தேடுவது குட்டியைத் தெருவில் விடுவதில்தான் முடியும். அது குற்றமும் ஆகும். ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சி வித்திட்ட 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுதலைத் தண்டனைக்குரியதாக வைத்துள்ளது. குட்டியைப் பெறுபவரிடம் ஒரு வாக்குறுதியும் பெறலாம். பெண்பூனை நான்கைந்து திங்களிலேயே சினைப்படக்கூடும். அதற்கு முன் மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை செய்தால், அடுத்த ஆண்டு சாக்கு மூட்டைகளின் பின்னே கிடக்கும் எண்ணிக்கை குறையும். அறுவையை உறுப்பறுத்தலாகக் கருதி மறுப்போரும் உள்ளனர். பிறந்து பசியால் மடியும் குட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தவருக்கு அம்மறுப்பு வலுவாகத் தோன்றாது.

மலைச்சரிவில் மற்றொரு எச்சரிக்கை. ஏலச்செடியினூடே களை வெட்டும்போது புதரில் தென்படும் புள்ளியுள்ள குட்டிகள் வீட்டுப்பூனையின் குட்டிகளாக இல்லாதிருக்கலாம். சிறுத்தைப் பூனை, காட்டுப்பூனை முதலியன இம்மலைகளில் வாழ்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றை எடுத்து வளர்த்தல் ஆகாது. தாய் பெரும்பாலும் அண்மையிலேயே இருக்கும், பகலில் ஆள் அரவம் கேட்டால் வெளிவராது. அன்றைய வேலையை வேறு வரிசைக்கு மாற்றி, வனத்துறையினர்க்குச் செய்தி சொல்லி, கடைசி ஜீப்புக்கு முன்னரே அவ்விடத்தை விட்டு அனைவரும் நீங்கிவிடுவது வழக்கமானால், இருட்டியதும் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விச் சென்றுவிடும்.