பனையேறியின் கயிற்றைப் பிடிப்பவர் யார்?

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



இன்று பெருநகரங்களில் சுவர் ஏறும் பயிற்சிக்கூடங்கள் வந்துவிட்டன. செங்குத்தான செயற்கைச் சுவரில் கைப்பிடிகளைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். வாலிபர்கள் ஏறிப் பழகுகிறார்கள். 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே சேர்க்கப்பட்டது. அப்படிப்பட்ட கூடத்தின் மேலாளருக்கு முதல் வேலை, ஏறுகிறவருக்கு ஆபத்து வராமல் காப்பதுதான். கயிறு தேய்ந்திருக்கிறதா, இடுப்புக் கச்சை இறுகியிருக்கிறதா, தரையில் மெத்தை கிடக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். உயரமான சுவரில் ஏறுகிறவரின் கயிற்று மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட சீமையிலும் ஏறிப் பிழைக்கிறவர்கள் உண்டு. கண்மாய்க் கரைகளிலும் புஞ்சை வரப்புகளிலும் நிற்கும் பனைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெற்கே விளாத்திகுளம், தென்கிழக்கே சாயல்குடி வரைக்கும் பனை நம்மோடு கூடவே வருகிறது. மழை பொய்த்தாலும் பனை பொய்க்காது என்று நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இவை.

பனையேறியின் நாள் விடியுமுன்னே தொடங்குகிறது. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, மரத்தில் சாய்த்து வைக்க முருக்குத்தடி. இவைதாம் அவருடைய உபகரணங்கள். உச்சிக்குப் போய்ப் பாளையின் நுனியைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். ஒரு நாளில் 30, 40 மரம் ஏறுகிறவர்கள் உண்டு. காலையில் ஏறிய மரத்தில் மாலையிலும் ஏற வேண்டும். சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், பதநீர் நின்றுபோகும். ஆகவே பருவகாலத்தில் ஓய்வுநாள் என்பது இல்லை. இறக்கிய பதநீரை வீட்டில் மனைவி காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கிறார். ஒருவர் ஏற, இருவர் உழைக்க, ஒரு குடும்பம் பிழைக்கிறது.

இவருக்குக் கீழே மெத்தை இல்லை; கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆளும் இல்லை. மழையில் வழுக்கிய மரம், கையோடு கழன்றுவரும் காய்ந்த மட்டை, திடீரென்று கலையும் குளவிக்கூடு, இவற்றில் ஒன்று போதும். 50, 60 அடி உயரத்திலிருந்து விழுகிறவர் உயிர் தப்பினாலும் முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும்.

விழுந்தவரைத் தூக்கும் விதத்திலேயே பலருடைய எதிர்காலம் தீர்மானமாகிறது. பதறிப்போய் கையும் காலுமாகத் தூக்குவதும், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதும், மோட்டார் சைக்கிளில் நடுவே அமர்த்திக் கொண்டுவருவதும் முறிந்த எலும்பை நகர்த்தி, தண்டுவடத்தை மேலும் நசுக்கிவிடும். கிடந்த இடத்திலேயே அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். தூக்கியே ஆகவேண்டுமானால் தலை, முதுகு, கால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, ஒரு பலகையில் நாலு பேராகத் தூக்க வேண்டும். இதை உங்கள் சபைகளில் வாலிபர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் படுக்கையோடு சுமந்து வந்தார்கள். கூட்டத்தைக் கண்டு திரும்பிப் போகாமல், கூரையைப் பிரித்து இறக்கினார்கள். சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை ஆண்டவர் கண்டார். அந்த மனிதன் எழுந்து நடந்தான்.

ஆனால் தண்டுவடம் முற்றிலும் அறுந்தவர்கள் மீண்டும் நடப்பதில்லை. இதை உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை எலும்பை நிறுத்தும். செத்த நரம்பை உயிர்ப்பிக்காது. அப்படியானால் அவருக்கு நாம் எதற்குப் பாடுபடுகிறோம் என்று கேட்கலாம்.

டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கை இதற்குப் பதில். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராயிருந்த அவர், 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அவர் நடக்கவேயில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் தென்பகுதியிலும் ஒரு சாட்சி உண்டு. கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்தகுதிச் சோதனையில் 1975-இல் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, மாற்றுத்திறனாளிகள் அநேகருக்கு வழிகாட்டினார்.

பனையேறிக்கும் இப்படி ஒரு வாழ்வு சாத்தியமே. ஆனால் அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். படுக்கைப்புண் வராதபடி இரவும் பகலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீரகம் கெடாதபடி, சுத்தமான குழாயால் வேளாவேளைக்குச் சிறுநீரை வெளியேற்ற அவருக்கும் மனைவிக்கும் கற்பிக்க வேண்டும். தோள்களைப் பலப்படுத்தி, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமாகவே மாறப் பழக்க வேண்டும். வீட்டு வாசற்படியைச் சரிவாக்க வேண்டும். தையலோ, ஓலை முடைவதோ, பெட்டிக்கடையோ உட்கார்ந்து செய்யும் ஒரு பிழைப்பு அமைய வேண்டும். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் முன்கூட்டியே பதிந்திருப்பது குடும்பத்துக்கு ஒரு துணை. உங்கள் கிராமத்தில் பதியாதவர்கள் இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு உதவ மனமிரங்குகிறவர்கள் அநேகர். அதற்குப் பிறகு வரும் நீண்ட மாதங்களை நினைக்கிறவர்கள் சிலரே. உங்கள் காணிக்கை ஒரு மெத்தையாக, ஒரு சக்கர நாற்காலியாக, இரவில் புரட்டிப் படுக்கவைக்கும் ஒரு ஊழியரின் சம்பளமாக அந்த மாதங்களில் வேலை செய்கிறது. மரத்தில் இருந்தபோது அவர் கயிற்றைப் பிடிக்க ஒருவரும் இல்லை. விழுந்த பின்பாவது நாம் பிடிப்போம், பாதியில் விட்டுவிடாதிருப்போம்.

உங்கள் ஜெபங்களில் இக்குடும்பங்களையும், இவர்களைப் பராமரிக்கும் செவிலியர்களையும் தாங்கிக்கொள்ளுங்கள். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.