முதல் போன் யாருக்கு?

பட்டம் வாங்கும் பிள்ளைகளே, வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திருப்பூர்ப் பனியன்காரன் இன்று வீடியோ கேம் பற்றிப் பேசப்போகிறேன். கோவையில் படித்த காலத்தில், விடுதிக்குப் பின்னால் இருந்த கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து மரியோவும் கான்ட்ராவும் ஆடுவோம். பெட்டிமேல் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே இருந்தது 1983-இல் நின்டெண்டோ ஜப்பானில் விட்ட கருவியின் நகல்தான். பரீட்சைக்கு முந்தைய இரவும் அங்கேதான் கிடந்தோம். அதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். அந்தக் கிறுக்கு இன்னும் என்னை விடவில்லை. அதனால் சேகா நிறுவனத்தின் சேட்டர்ன் கன்சோல் தோற்ற கதை எனக்கு அத்துப்படி.

1995 மே 11. லாஸ் ஏஞ்சலஸில் முதல் இ3 வீடியோ கேம் கண்காட்சி. அமெரிக்காவில் சேட்டர்ன் செப்டம்பர் 2-ஆம் தேதி வரும் என்று சேகா முன்பே சொல்லியிருந்தது. சோனியின் பிளேஸ்டேஷனை முந்திவிட வேண்டும் என்று ஜப்பான் தலைமைக்கு அவசரம். அமெரிக்கக் கிளையின் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறி, கருவி இப்போதே கடைகளில் கிடைக்கிறது, விலை 399 டாலர் என்றார். அன்றே சோனியின் ஸ்டீவ் ரேஸ் வந்தார். '299' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

தோல்விக்கு அந்த 100 டாலர்தான் காரணம் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். பிறகு சேகாவும் விலையைக் குறைத்தது, ஒன்றும் ஆகவில்லை. கைவசம் சரக்கு குறைவு என்பதால் 4 நிறுவனங்களின் கடைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். விடுபட்ட கேபி டாய்ஸ், சேட்டர்னை விற்கவே மாட்டோம் என்றது. விளையாட்டு தயாரிக்கும் வெளி நிறுவனங்களோ செப்டம்பரைக் கணக்கு வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தன. முதல் நாள் வந்த 6 விளையாட்டுகளும் சேகா வெளியிட்டவையே. போதாக்குறைக்கு, இரண்டு பிராசசர் கொண்ட அந்தக் கருவிக்கு நிரல் எழுதுவதே பெரும்பாடு. கூட வேலை செய்பவர்களைக் கேட்காமல் தேதியை இழுத்ததுதான் சேகாவைக் கவிழ்த்தது.

இது திருப்பூர்க்காரனுக்கு உடனே புரியும். நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் வேறு வேறு இடம்; எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். ஷிப்மென்ட் தேதியை யாரிடமும் சொல்லாமல் முன்னால் இழுத்துப் பாருங்கள். காம்பாக்டிங்கில் அவசரப்பட்ட துணி, பையர் ஒருமுறை துவைத்ததும் சுருங்கி நிற்கும். 2005 ஜனவரி 1-இல் ஜவுளி ஏற்றுமதிக் கோட்டா ஒழிந்த பிறகு, விலையில் பங்களாதேஷை நம்மால் வெல்ல முடியவில்லை. நான் பார்த்தவரை, ஜாப் ஒர்க்காரர்கள் நம்பியவர்களே இங்கே நிலைத்தார்கள்.

பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டி விற்றது. சேட்டர்ன் 1 கோடியைக்கூடத் தொடவில்லை. 2001-இல் சேகா கன்சோல் தயாரிப்பையே விட்டுவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த மாதமே உங்கள் கம்பெனியின் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு நேரில் போய்ப் பாருங்கள். தேதி மாறினால் முதல் போன் அவர்களுக்குப் போகட்டும்.