வண்டி ஓடும்போதே பட்டறையைத் தேடுங்கள்



சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, பின்னர் ஈப்போவில் சிலிபின் பகுதிக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். தந்தை பால்மரம் வெட்டியவர். தாய் வெளிக்காட்டு வேலை செய்தவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அவர்கள் லயத்து வீட்டை விட்டு வெளியேறினார்கள். தந்தையின் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, மூத்த மகன் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினான். விடியற்காலையில் காய்கறி ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு போவதும், பகலில் வீடு மாறுவோரின் சாமான்களை ஏற்றிச் செல்வதும் அவன் தொழில். ஐந்து பேர் சாப்பாடு அந்த நான்கு சக்கரங்களை நம்பியே இருந்தது.

ஒரு நாள் பாதி வழியில் வண்டியின் சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. பையன் பயந்து போய், கண்ணில் பட்ட முதல் பட்டறையில் வண்டியை விட்டான். அங்கிருந்தவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இன்ஜின் போய்விட்டது, முழுவதும் திறந்துதான் செய்ய வேண்டும், ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும்" என்று சொல்லிவிட்டார். பையன் கடன் வாங்கக் கிளம்பினான். தடுத்தவர் தாய்தான். "தம்பி, ரெண்டு நாள் வண்டி நின்னா பரவாயில்ல. இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு அப்புறம் செய்யலாம்" என்றார்.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே வியாபாரம் செய்யும் அண்டை வீட்டுக்காரர் ஒருவர், தாம் பல ஆண்டுகளாகப் போகும் சிலிபின் பட்டறைக்கு வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். அந்த மெக்கானிக் உடனே சாவியை வாங்கவில்லை. இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல் மாறியிருக்கவில்லை. நீர் நிரப்பி இன்ஜினை ஓட்டிப் பார்த்தார். ரேடியேட்டரில் குமிழி கிளம்பவில்லை, பின்குழாயில் வெள்ளைப் புகையும் வரவில்லை. பிறகு ரப்பர் நீர்க்குழாயை விரலால் வளைத்துக் காட்டினார். கிளிப் பிடித்திருந்த இடத்தில் அது வெடித்துக் கசிந்திருந்தது. ரேடியேட்டர் மூடியின் உள்ளே இருந்த ரப்பர் வளையமும் கல்லாய் இறுகிப் போயிருந்தது. "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு தம்பி. சூடு ஏறினதும் வண்டியை நிப்பாட்டினீங்களே, அதுதான் காப்பாத்துச்சு" என்றார். குழாயும் மூடியும் மாற்றிய கூலியோடு இருநூறு வெள்ளிக்குள் காரியம் முடிந்தது. கழற்றிய பழைய பொருள்களையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்ற நினைத்தாரா, அவசரப்பட்டுச் சொன்னாரா என்பது நமக்குத் தெரியாது. எதுவானாலும் நட்டம் அந்தக் குடும்பத்துக்குத்தான். ஆகவே, நம்பத்தகுந்த மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நேயர்களே, முதலாவதாக ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வண்டி நின்ற பிறகு பட்டறை தேடுபவனுக்கு விலை பேசும் வலிமை இல்லை. மழை பெய்கிறது, சாமான் கெட்டுப் போகிறது, யார் என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் தோன்றும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளிலேயே பட்டறையைத் தேடி வைக்க வேண்டும்.

யாரிடம் விசாரிப்பது? வண்டியால் பிழைப்பு நடத்துபவர்களிடம் விசாரியுங்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், சந்தைக்குச் சரக்கு ஏற்றுபவர், தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் ஆகியோருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போய்விடும். ஆதலால் அவர்கள் மோசமான பட்டறைக்கு இரண்டாம் முறை போகமாட்டார்கள். அவர்களிடம், "அந்த ஆள் நல்லவரா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "கடைசியாக என்ன வேலை செய்தார்? எவ்வளவு வாங்கினார்? அதே கோளாறு திரும்ப வந்ததா? வந்தபோது மறுபடி காசு கேட்டாரா?" என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விக்கும் கிடைக்கும் பதிலிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

சிலிபின் தொழிற்பேட்டையைச் சுற்றியும், ஃபாலிம், மெங்லெம்பு பக்கத்திலும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாப் பட்டறையும் எல்லா வேலைக்கும் ஏற்றதன்று. பெட்ரோல் காடியில் கைதேர்ந்தவருக்கு டீசல் வண்டி பழக்கமில்லாமல் இருக்கலாம். இக்காலத்து டீசல் பிக்கப் வண்டிகளில் எரிபொருள் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்திற்கும் மேலான அழுத்தத்தில் உட்செலுத்தப்படுகிறது. அந்த வேலைக்குத் தனிக் கருவியும் தூசியில்லாத இடமும் வேண்டும். "இது என் வேலை இல்லை, டீசல் பம்ப் செய்கிறவரிடம் கொண்டு போங்கள்" என்று சொல்கிற மெக்கானிக் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள். தன் எல்லையை அறிந்தவரே நம்பத்தகுந்தவர்.

இரண்டாவது, பெரிய வேலையைக் கொடுப்பதற்கு முன் சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். எண்ணெய் மாற்றுவது, காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வது போன்ற வேலை போதும். அப்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். கூடுதலாக ஒரு பொருளை மாற்றுவதற்கு முன் உங்களைக் கேட்கிறாரா? தேய்ந்த பாகத்தைக் கையில் எடுத்துக் காட்டி விளக்குகிறாரா? "இதை இப்போது மாற்ற வேண்டியதில்லை, ஆறு மாதம் தாங்கும்" என்று எப்போதாவது சொல்கிறாரா? இந்தக் கடைசி வார்த்தைக்கு மதிப்பு அதிகம். தனக்கு வரவேண்டிய காசை வேண்டாமென்று சொல்லும் நாக்கு எளிதில் பொய் சொல்லாது.

சுவரில் திறன் சான்றிதழ் மாட்டியிருந்தால் பாருங்கள். மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றவர் முறையாகத் தொழில் கற்றவர். ஆனால் நாணயத்துக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் சிறுவயதிலேயே பட்டறையில் சேர்ந்து, தௌக்கேயிடம் திட்டு வாங்கித் தொழில் கற்ற நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று முதல்தரமான கைகாரர்களாக இருக்கிறார்கள். அவர்களையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

மூன்றாவது, நாமும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. வெயிலிலும் சூட்டிலும் கிடந்த ரப்பர் வெடிக்கும், இறுகும், ஒட்டும் என்பது பால் வெட்டிய கைகளுக்குத் தெரியும். வண்டிக்குள்ளும் அதே கதைதான். நீர்க்குழாய், விசிறிப் பட்டை, இன்ஜினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கி, சக்கரத்தோடு சேர்ந்த புஷ் எல்லாம் வயதாகித் தேய்கின்றன. மாதம் ஒரு முறை, இன்ஜின் ஆறிய பிறகு, குழாய்களை அழுத்திப் பாருங்கள். சில டீசல் இன்ஜின்களில் உள்ளே டைமிங் பெல்ட் என்னும் பட்டை இருக்கும், சிலவற்றில் சங்கிலி இருக்கும். பட்டையாக இருந்தால் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. அது ஓட்டத்தில் அறுந்தால் பல இன்ஜின்கள் உள்ளே உடைந்துவிடும். பழைய வண்டி வாங்குபவர்கள் பட்டை எப்போது மாற்றப்பட்டது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பாயும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

புகையும் பேசும். கறுப்புப் புகை வந்தால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று பொருள். செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்குப் பெரும்பாலும் காற்று வடிகட்டிதான் அடைத்திருக்கும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்தால், நீர் இன்ஜினுக்குள் போகிறது. மெக்கானிக்கிடம் போகும்போது "இதை மாற்றுங்கள்" என்று நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "காலையில் குளிராக இருக்கும்போது இந்தச் சத்தம் வருகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது" என்பது போல, எப்போது, எப்படி என்று சொல்லுங்கள். டாக்டரிடம் நோயைச் சொல்வதுபோலவே இதுவும்.

நான்காவது, காகிதம். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். வேலை தொடங்குமுன் "செபுட் ஹார்கா" எழுதித் தரச் சொல்லுங்கள். உதிரிப் பாகம் புதியதா, பொத்தோங் கடையில் வாங்கிய பழையதா, ரீக்கோன் செய்ததா என்று அதில் எழுதச் சொல்லுங்கள். பழைய பாகம் வாங்குவது தவறில்லை. பழையதைக் கொடுத்துப் புதியதன் விலை வாங்குவதுதான் தவறு. வேலை முடிந்ததும் ரெசிட்டும் கழற்றிய பாகமும் கேட்டு வாங்குங்கள். "நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது முகம் சுளித்தால், "வீட்டில் கணக்கு எழுத வேண்டும் அண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். தாய்மார்கள் கேட்க வெட்கப்பட வேண்டாம். மேலே சொன்ன குடும்பத்தில் ஐயாயிரம் வெள்ளியைக் காப்பாற்றியது ஒரு தாயின் வார்த்தைதானே!

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கூலிக்கு வேலை செய்பவர் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், முன்கூட்டிப் பேசாவிட்டாலும் நியாயமான விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் சாரம். வாகனப் பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் தெரிவிப்பது குறித்து 2002இல் தனி விதிமுறைகளும் வந்தன. தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வியாபாரத்துக்கு மட்டுமே ஓடும் வண்டியென்றால், மனு எடுபடுமா என்று முதலில் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கு போய் நிற்கும்போது, நீங்கள் பத்திரப்படுத்திய காகிதமே உங்களுக்குச் சாட்சி. வழி தெரியாதவர்கள், 1969இல் தொடங்கப்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. நல்ல மெக்கானிக் கிடைத்தால் நாமும் நல்ல வாடிக்கையாளராக நடந்துகொள்ள வேண்டும். வேலை முடிந்தபின் பாதிக் காசைக் கொடுத்துவிட்டு, மீதியை அடுத்த மாதம் என்று இழுத்தடிப்பது முறையன்று. அவருக்கும் வாடகை உண்டு, கூலியாள் உண்டு, பிள்ளைகள் உண்டு. பத்து வெள்ளி குறைகிறது என்பதற்காக ஆறு பட்டறை மாறுகிறவனின் வண்டியை எந்தப் பட்டறையும் தன் வண்டியாக நினைக்காது. ஒருவரிடமே தொடர்ந்து போனால், வண்டியின் பழைய கதை அவருக்குத் தெரியும். கோளாறு வருமுன்பே எச்சரிப்பார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியவர்கள். பட்டறை விஷயத்திலும் அது பொருந்தும். இந்த வாரம் உங்கள் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இதுவே நல்ல நேரம். பக்கத்து வீட்டு வேன்காரரிடம் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டு வையுங்கள். ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பணப்பெட்டியில் ரெசிட்டுகளுக்கென்று ஒரு பழைய பிஸ்கட் டின்னை ஒதுக்கி வையுங்கள்.

அந்தச் சிலிபின் குடும்பத்தின் பிக்கப் வண்டி இன்றும் விடியற்காலையில் சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வெடித்த அந்த ரப்பர்க் குழாய்த் துண்டு அவர்கள் வீட்டு வாசலில் ஆணியில் தொங்குகிறது. யார் கேட்டாலும் அந்தத் தாய் அதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்வார்.