ஊர் காண் படலம்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



"ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தல்" என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். முத்திரை சேர்ப்பது பற்றியோ வீட்டுத் தோட்டம் பற்றியோ பேசுவேன் என்று செயலாளர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் சேர்ப்பது ஊர்களை.

அமெரிக்காவில் வெர்மண்ட் என்றொரு சிறிய மாநிலம் உண்டு. 1954ஆம் ஆண்டு அங்கே ஆர்தர் பீச் என்னும் பேராசிரியர், இம்மாநிலத்தை மெய்யாக அறிய விரும்புவோர் இதன் 251 ஊர்களுக்கும் போய்வர வேண்டும் என்று ஒரு சஞ்சிகையில் எழுதினார். அதன் பயனாக ஒரு கழகமே பிறந்தது. இன்றும் அதன் அங்கத்தவர்கள் தேசப்படத்தில் ஒவ்வோர் ஊராக அடையாளமிட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

இதைப் படித்த அன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து, நான் கண்ட ஊர்களை எழுதிப் பார்த்தேன். கொழும்புக்குப் பல முறை போயிருக்கிறேன். கண்டிக்கும் ஒரு தடவை திருச்சிராப்பள்ளிக்கும் போயிருக்கிறேன். ஆனால் 14 பிரதேச செயலகப் பிரிவுகளும் 340க்கு மேற்பட்ட கிராம சேவையாளர் பிரிவுகளும் கொண்ட என் சொந்த மட்டக்களப்பு மாவட்டத்தில் நான் கால் வைத்த ஊர்கள் முப்பதைத் தாண்டவில்லை. வெட்கமாயிருந்தது.

நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். 1814ஆம் ஆண்டு இங்கு வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியாரைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மொழி அறியாதவர், வெயில் பழகாதவர். ஓராண்டு நிறையுமுன் காலமாகிவிட்டார். அதற்குள் பல பாடசாலைகளைத் தொடங்கிவிட்டார். அவர் எதற்காக வந்தார் என்பது பெரியோர் அறிந்ததே. எனினும் அவருடைய காலுக்கு இருந்த உற்சாகம் இந்த மண்ணில் பிறந்த என் காலுக்கு இருக்கவில்லையே என்று எண்ணினேன்.

முந்நூற்றுச் சொச்சமும் முடிய எத்தனை வருடமோ! முதலில் பதினான்கு பிரிவுகளிலும் ஒவ்வோர் ஊரையாவது பார்ப்பது என்று தீர்மானித்து, சனிக்கிழமைகளில் துவிச்சக்கரவண்டியில் புறப்பட்டேன். எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஊடறுத்துச் செல்வதும் கடையில் சாமான் வாங்குவதும் கணக்கில் சேரா. ஒரு வீட்டில் இருந்து தண்ணீராவது குடிக்க வேண்டும். அந்த ஊருக்கு அப்பெயர் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும்.

நம் வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமானது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. என் ஊர் ஆரையம்பதி. மண்முனைத் துறை எங்களுக்குத் தூரமில்லை. ஆயினும் யுத்த காலத்தில், 2007ஆம் ஆண்டு வரை, வாவியின் இரு கரையும் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தன. என் பெற்றோர் அக்கரை போகும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்பும் அந்தப் பயம் எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது. பாலம் போட்டது அரசாங்கம்; அதில் ஏறிப் போவது நம்முடைய வேலையல்லவா?

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் கடந்தேன். பாதை என்றால் வீதியல்ல, ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவைதான் என்பதை வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற முதியவர், "எந்த ஊர் மனே?" என்று கேட்டார். "மட்டக்களப்பு" என்றேன். "அப்ப நாங்க நிக்கிறது எது?" என்றார். எனக்குப் பேச்செழவில்லை. நகரை மட்டும் மட்டக்களப்பு என்று சொல்லிப் பழகிய வாய்!

அக்கரை ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள்: அம்பிளாந்துறை, முனைக்காடு, மகிழடித்தீவு, வவுணதீவு. துறை, முனை, தீவு என்று பெயரிட்டவன் தோணியில் இருந்து பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். வவுணதீவு எப்படித் தீவாகும் என்று கோடையில் கேட்டேன். வீட்டுக்கார அம்மா சிரித்து, "மாரியில வாங்க தம்பி" என்றார். மார்கழியில் போனேன். வீதியைக் காணவில்லை, நாலு பக்கமும் வெள்ளம். எழுவான்கரையிலோ குருக்கள்மடம், ஓந்தாச்சிமடம் என்று மடங்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை சென்ற கரையோர வழி அது.

காரைதீவை எண்ணலாமா என்று ஒரு சங்கடம். சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்தபோது அது மட்டக்களப்பு மாவட்டம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. கொப்பியில் அதற்கென்று தனிப் பக்கம் விட்டேன்.

பதின்மூன்று பிரிவுகளுக்கும் அடையாளமிட்டாயிற்று. எஞ்சியது காத்தான்குடி. நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டிலிருந்து வடக்கே நடந்தால் பதினைந்து நிமிஷம். நான் போட்டிருக்கும் இந்தச் சேட்டுத் துணியும் அங்கே வாங்கியதுதான். ஆனால் அங்கே ஒரு வீட்டினுள் நான் இருந்ததில்லை. காரணம் இங்குள்ள பெரியோருக்குத் தெரியும். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி அங்கே பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நம்மவர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்த ஆண்டு எங்கள் வீட்டுக் கதவில் நின்றது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் என் பக்கத்தில் இருந்து படித்த காத்தான்குடி நண்பனிடம், "உன்ர வீட்டுக்கு ஒரு நாள் வரலாமா?" என்று கேட்டேன். சற்றுப் பேசாதிருந்துவிட்டு, "நீ வரமாட்டாய் எண்டுதான் நான் கூப்பிடல்ல" என்றான்.

போனேன். பிளேன்ரீ தந்தார்கள். ஊர்ப் பெயரைப் பற்றி நான் வாயெடுக்குமுன், அவனுடைய பாட்டனார் என் ஊரைக் கேட்டறிந்து, அங்குள்ள ஒருவரின் பெயரைச் சொன்னார். இருவரும் படுவான்கரையில் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள். மண்முனையில் ஒரே பாதையில் போய்வந்த கூட்டாளிகள். 90க்குப் பிறகு கண்டதில்லையாம். "இருக்கானா மனே?" என்று கேட்டார்.

இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது ஒழுங்கையில். செய்தியைச் சொன்னபோது அவருடைய கண் கலங்கியது. "அவன இஞ்ச வரச் சொல்லு" என்றார். காத்தான்குடியில் போய்ச் சொன்னேன். "எனக்குக் கால் ஏலாது, அவன வரச் சொல்லு" என்று பதில் வந்தது. திரும்பி வந்து சொன்னால், இவருக்கும் காலில் வருத்தமாம். போன ஆடி அமாவாசைக்கு இவர் மாமாங்கத் தீர்த்தத்துக்கு நடந்தே போனதை நான் அறிவேன். அந்த வழி காத்தான்குடியினூடாகத்தான் போகிறது.

இப்படி நான்கு தடவை தூது போய்விட்டேன். வருகிற சனிக்கிழமைக்கு நண்பனும் நானுமாக முச்சக்கரவண்டி ஒன்று பேசியிருக்கிறோம். எந்த வீட்டு வாசலுக்கு முதலில் விடுவது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் இன்னும் இணக்கமில்லை.